பத்தும் பத்திரம்

ஒரு ஊர்ல ஒரு புருசனும் பெண்டாட்டியும் இருந்தாங்களாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டிலாம். புருசன் வந்து படுத்தா பெண்டாட்டி எந்திரிச்சுருவாளாம். பெண்டாட்டி படுத்தா புருசன் எந்திரிச்சுருவானாம். சண்டையான்னா, இல்லையாம். சாபமான்னா, அதுவும் இல்லையாம். அப்பறம் எதுக்குடான்னு பாத்தா, அந்தக் கட்டிலுக்குக் காலுக்குப் பதிலாச் சக்கரம் இருந்துச்சாம்.

யாரு கதைன்னு தெரியுதுங்களா தம்பி? இந்தா நிக்குதே, இந்த வண்டிதான் அந்தக் கட்டிலு. நான்தான் அந்தப் பெண்டாட்டி. துளசிமணி. சங்ககிரி.

உக்காருங்க. இந்தக் கல்லு காஞ்சிருக்குது. மண்ணு சரிஞ்ச எடத்துல மெசினு இன்னும் அள்ளிக்கிட்டேதான் இருக்குது, இப்பத்திக்கு ரோடு தெறக்காது. டீயைக் குடிங்க. இந்த அருணாசலப் பிரதேசத்து மலையில, நம்ம ஊரு நம்பர் பலகையைப் பாத்துட்டு, அந்த மண்ணுமேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் நடந்து வந்து, "அக்கா, நீங்க சேலம் பக்கமா?"ன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கே ஒரு டீ குடுக்கலாம். ஆனா நான் குடுக்கறது அதுக்கில்லீங்க. எனக்கு உங்களால ஒரு காரியம் ஆகோணும்.

காலையில எங்கூட்டுக்காரரு உங்ககிட்ட ஜீப்புல எடம் கேட்டாராமே? கீழ அசாம்ல, தின்சுகியா வரைக்கும். நீங்களும் பாவம் பாத்துச் சரின்னுட்டீங்களாம்.

எடம் இல்லீன்னு சொல்லிருங்க தம்பி.

ஒரே ஒரு வார்த்தை. கூட வேலை பாக்கறவங்க ரெண்டு பேரு வர்றாங்க, சாமான் ஏத்தறோம், சீட்டு கிழிஞ்சிருக்குது, என்னமோ ஒன்னு. படிச்ச புள்ளை, பாலம் கட்டற புள்ளை, உங்களுக்கு ஒரு பொய்யி சொல்ல வராதா?

ஏனுங்கறீங்களா? சொல்றேன். அவரு அந்தா, எங்க வண்டிக்குப் பின்னால நிக்குதே பச்சை லாரி, எடப்பாடி வேலாயுதண்ணன் வண்டி, அங்க போயி நாயம் பேசிக்கிட்டிருக்காரு. அந்த வண்டியில ரெண்டு டிரைவரு. அதுல தங்கராசுங்கற பையனை எங்க வண்டிக்கு மாத்திவிடறதாப் பேச்சு. மேல போயி லோடு எறக்கறதெல்லாம் அவன் பாத்துக்குவானாம். நாங்க ரெண்டு பேரும் உங்க ஜீப்புல ஏறி, தின்சுகியாவுல ரயிலைப் புடிச்சு, ஊடு போய்ச் சேரோணுமாம். போயி? அவ்வளவுதான். வண்டியை வித்துப்போட்டு ஊட்டுல உக்காந்துக்கறதாம். "போதும் அம்மிணி"ங்கறாரு. "நான் போறேன். நீ வந்தா வா. வராட்டி தங்கராசோட மேல போயி எறக்கிட்டு வா"ங்கறாரு. பையைக் கட்டிக் கேபின் படியில வெச்சிருக்காரு பாருங்க. சிவப்புப் பை. அது எம் மகளுது, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பை.

நல்லா இருக்கற மனுசன் பேசற பேச்சா இது?

என்ன கேட்டா, காலுங்கறாரு. இடது காலு, கிளச்சு மிதிக்கற காலு. இடுப்புல இருந்து சூடான கம்பியை உள்ள விட்டாப்புல எறங்குதாம், அப்பறம் காலே இல்லாத மாதிரி மரத்துப் போகுதாம். எனக்கும்தான் காலு இருக்குது. எனக்கும்தான் மரக்குது. ரெண்டு உதறு உதறிட்டு எந்திரிச்சுக்கறதுதான். அதுலயும் பாருங்க, சமதளத்துல ஓட்டும்போது வர்றதில்லை, மேடு ஏறும்போதுதான் வருதாம். மேடு பள்ளம் பாத்து வர்ற நோவு எங்கயாச்சும் உண்டுங்களா? நான் கேட்டே போட்டேன். "உங்க காலுக்கு மலைன்னாப் புடிக்காதாட்ட இருக்குது"ன்னேன்.

எல்லாம் அவருக்காகத்தான் தம்பி நான் இந்த வேலைக்கே வந்தது. மக பிரதீபாவைத் திருப்பூர்ல கட்டிக் குடுத்தோம். ஊடு காலியாயிருச்சு. தனியாக் கெடந்து ஓட்டறாரே, ஒத்தாசைக்கு ஒரு ஆளு வேண்டாமான்னு, நான் போயி லாரி பழகினேன். சிரிக்காத ஆளில்லை. லைசென்சு குடுக்கற எடத்துல, "ஏம்மா, மாவு மில்லுக்கா வந்தீங்க, அது எதிர்த்த கட்டடம்"னான் ஒருத்தன். எட்டுப் போட்டுக் காட்டிட்டு, "மாவு அரைஞ்சுதா சார்?"னு கேட்டுட்டு வந்தேன். நான் எனக்குன்னு ஒன்னும் பண்ணிக்கிட்டதில்லீங்க. எல்லாம் அவருக்காகத்தான்.

எங்க வண்டியில ஒரு மொறை இருக்குது. ஒருத்தரு ஓட்டும்போது ஒருத்தரு தூங்கோணும். சீட்டுக்குப் பின்னால ஒரு பலகை, அதுல மெத்தை, முன்னால ஒரு திரை. அவ்வளவுதான் எங்க குடித்தனம். மாத்திக்கற நேரத்துல, ஓட்டி முடிச்சவங்க கம்பியை எடுத்துக்கிட்டு வண்டியைச் சுத்தி வரோணும். ஒவ்வொரு டயராத் தட்டோணும். காத்து இருந்தா டங்குங்கும். எறங்கியிருந்தாப் பொத்துங்கும். பத்து டயரையும் தட்டிப் பாத்துட்டு, கதவுக்கிட்ட வந்து, "பத்தும் பத்திரம்"னு சொல்லோணும். அதைக் கேட்ட பொறவுதான் அடுத்த ஆளு சாவியைத் திருப்பறது. நல்லா இருந்தாலும் அதான், கோவமா இருந்தாலும் அதான். சில சமயம் கல்கத்தா தாண்டற வரைக்கும் எங்களுக்குள்ள அந்த ஒரு பேச்சுத்தான் இருக்கும். பத்தும் பத்திரம். பத்தும் பத்திரம். ஊர்ல ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம், "எந்நேரமும் ஒன்னாவே இருக்கீங்க, குடுத்து வெச்சவங்க"ங்கறாங்க. ஒன்னா இருக்கறதா? அவரு மூஞ்சியை நான் பாக்கறதே தூங்கும்போதுதான்.

நான் ஓட்டும்போது பேசிக்கிட்டே ஓட்டுவேன். ஆமாங்க. திரைக்குப் பின்னால படுத்திருக்கறவருகிட்டத்தான். அவரு தூங்கட்டும், நான் பாட்டுக்குப் பேசுவேன். எதுத்தாப்புல வர்றவன் லைட்டைத் தணிக்க மாட்டேங்கறான், மருமகன் போன்ல சரியாப் பேசல, ஒடிசாக்காரன் டீயில சக்கரையே போடல, இப்படித்தான். பெருசா ஒன்னும் இருக்காது. புதுசுல ஒரு தடவை, விஜயவாடா தாண்டி, பாவம் தூங்கட்டுமேன்னு வாயை மூடிக்கிட்டு ஓட்டினேன். சித்த நேரந்தான். திரையை வெலக்கிட்டு எட்டிப் பாக்கறாரு. "ஏன் அம்மிணி நிறுத்திட்டே?" வண்டி ஓடிக்கிட்டுத்தானே இருக்குதுன்னேன். "வண்டியைச் சொல்லல"ன்னுட்டு மறுபடியும் படுத்துக்கிட்டாரு. கிண்டலு. எம் பேச்சுன்னா அவருக்கு அவ்வளவு எளக்காரம்.

குடிங்க தம்பி, ஆறுது. இஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டேன். இந்த ஊரு இஞ்சி நாக்கையே அறுக்குது.

இந்தத் தடவை கெளம்பினதே நல்லாத்தான் கெளம்பினோம். உங்க மாதிரி பாலம் கட்டற எடத்துக்கு இரும்புச் சாமான். உங்க பாலத்துக்கேதானோ என்னமோ, யாரு கண்டா. ஒடிசாவுல ஒரு காட்டுமலை. ஏறிக்கிட்டே இருக்கும்போது ரேடியேட்டர் பொகைஞ்சு நின்னுருச்சு. சுத்திலும் சால மரம். ஒரு கடை கண்ணி இல்லை. வேலாயுதண்ணன் வண்டி பின்னால வர்றப்பச் சாமான் வாங்கிட்டு வர்றேன்னாரு. அது வர்ற வரைக்கும் நாங்க அங்கயேதான் கெடந்தோம்.

அப்பத்தான் தம்பி எனக்கு ஒன்னு உறைச்சுது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கறோம். ஓட்ட வேண்டியதில்லை, ஒருத்தருக்காக ஒருத்தரு தூங்க வேண்டியதில்லை. மொதல்ல என்ன பண்றதுன்னே தெரியல. புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம் உக்காந்திருந்தோம். அப்பறம் அவரு தார்ப்பாயில கரிக்கட்டையால கட்டம் போட்டு ஆடுபுலி ஆடக் கூப்பிட்டாரு. நான் புலி. அவரு ஆட்டை வெச்சுக்கிட்டு என்னைய அடைக்கப் பாக்கறாரு, என்னைய அடைக்க முடியுதா? "உன்னைய எங்கயும் நிக்க வெக்க முடியாது போல"ன்னு சிரிச்சாரு. அரிசியும் பருப்பும் ஆக்கினேன். பாத்திரத்தோட நடுவுல வெச்சுத் தின்னோம். மயிலு வந்து அரிசி பொறுக்குச்சு. பொழுது போனதே தெரியல.

அங்கதான் வெனையே. சாய்ஞ்சு உக்காந்துக்கிட்டு, காலை நீட்டி வெச்சுக்கிட்டு, "அம்மிணி, இதே மாதிரி நம்மூட்டுல உக்காந்திருந்தா எப்படி இருக்கும்?"னாரு.

நான் எந்திரிச்சுப் பாத்திரம் கழுவப் போயிட்டேன்.

அன்னைக்கே போன்ல பேசி, திரும்பி வர்றதுக்கு டீத்தூள் லோடு புடிச்சேன். ஆமா, அவரைக் கேக்கலைதான். கேட்டா என்ன சொல்லுவாரு? வேண்டாம்பாரு. வெறும் வண்டியாத் திரும்புனா அவருக்குத்தானே மனசு கஷ்டம்? அவருக்காகத்தான் புடிச்சேன். தெரிஞ்சப்ப, கல்கத்தாவுக்கு இந்தப் பக்கம்னு நெனைக்கறேன், அவரு ஒன்னும் கத்தல. கத்துனா நானும் ரெண்டு கத்து கத்திட்டு விட்டிருப்பேன். "நீ வண்டியை விட்டு எறங்கவே மாட்டியா அம்மிணி?"ன்னு கேட்டாரு. அதென்ன கேள்வி? இவரு ஏறச் சொல்லித்தானே நான் ஏறினேன்?

ஏறச் சொன்னாருங்களான்னா... சொல்லலைதான். வேண்டாம்னுதான் சொன்னாரு. ஆனா மனசுக்குள்ள அவருக்கும் ஆசை இருந்திருக்கும்.

அப்பறம் அந்தக் காடு. அதைச் சொல்லாம உங்களுக்கு இது புரியாது.

சிலிகுரி தாண்டி ஒரு பக்கம் டீத்தோட்டம், ஒரு பக்கம் காடு. விடிஞ்சும் விடியாம, பனி அப்படியே ரோட்டு மேல உக்காந்திருக்குது. அவரு ஓட்டி முடிச்சு நிறுத்தினாரு. எறங்கித் தட்டினாரு. எல்லாம் மொறைப்படிதான். "பத்தும் பத்திரம்"னாரு. ஏறிப் படுத்தாரு. கதவு சாத்தற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான் முன்கண்ணாடியில பனியைத் தொடைச்சுட்டு, தலையை முடிஞ்சுக்கிட்டு, ஏறி உக்காந்தேன். திரை மூடியிருக்குது. கம்பளி புடைச்சுக்கிட்டுக் கெடக்குது. வண்டியை எடுத்துட்டேன்.

அன்னைக்கு நான் நெறையாப் பேசினேன் தம்பி. அவரு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிரலாம்னு. மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வராது, முதுகைக் காட்டிக்கிட்டுச் சொன்னா வருமேன்னு. ரோட்டைப் பாத்துக்கிட்டே சொல்றேன். இத்தனை வருசத்துல வாயில வராததெல்லாம் வருது. அழுகையும் வருது, வைப்பரு போட்டா நிக்குமா அது? சொல்றேன், சொல்றேன், சொல்லிக்கிட்டே போறேன். பின்னால அவரு போன் அடிக்குது. "எடுங்க மாமா"ங்கறேன். எடுக்கல. நின்னு நின்னு அடிக்குது. "நான் இத்தனை சொல்றேன், என்னையும் கேக்கல, போனையும் எடுக்கல, அப்படி என்ன தூக்கம்?"னு ஏசறேன். மறுபடியும் அடிக்குது. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம், வண்டியை ஓரம் கட்டிட்டுத் திரையைப் புடிச்சு இழுத்தேன்.

தலகாணி. கம்பளி. போனு.

ஆளு இல்லை.

சிரிங்க, பரவால்ல. வேலாயுதண்ணன் இன்னும் சிரிச்சுக்கிட்டிருக்காரு. சக்கரம் வெச்ச கட்டில்ல புருசன் இருக்கானா இல்லையான்னு பாக்காம ஓட்டிட்டுப் போன பொம்பளை ஒலகத்துலயே நான் ஒருத்திதானாம். போனை எடுத்தேன். அவரு குரலுத்தான். தோட்டத்துக் காவக்காரன்கிட்ட வாங்கிப் பேசறாரு. என் நம்பரு அவருக்கு மனப்பாடம் இல்லையாம், அவரு நம்பருத்தான் தெரியுமாம். அதான் அவரு போனுக்கே அவரு அடிச்சிருக்காரு. மொதப் பேச்சு என்ன கேட்டாரு தெரியுங்களா? "அம்மிணி, வண்டிக்கு ஒன்னும் இல்லையே?"

மனுசனை ஆனைக்காட்டுல விட்டுட்டு வந்திருக்கறேன், வண்டியைக் கேக்கறாரு!

என்ன நடந்துச்சுன்னா, படுத்தவரு அந்தப் பக்கக் கதவு வழியா மறுபடியும் எறங்கியிருக்காரு. காலு மரத்துப் போச்சாம். நாலு எட்டு நடந்தாச் சரியாகும்னு மரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்காரு. எறங்கறவரு ஒரு வார்த்தை சொல்லோணுமா வேண்டாமா? நீங்களே சொல்லுங்க. வண்டி போறதைப் பாத்து ஓடப் பாத்தாராம், காலு வரலையாம். கத்தினாராம். நான்தான் பேசிக்கிட்டிருந்தனே, எனக்கெங்க கேக்கும்? அப்பறம் பனிக்குள்ள ஆனை ஒரு கும்பலா ரோட்டைத் தாண்டிப் போச்சாம். குட்டியோட. அவரு மரத்தோட மரமா நின்னிருந்தாராம்.

அந்த ரோட்டுல இத்தனை பெரிய வண்டியைத் திருப்ப முடியுங்களா? நான் ஓரத்துலயே நிக்கறேன். நிக்கறேன், நடக்கறேன், மறுபடியும் நிக்கறேன். கடைசீல ஒரு டிராக்டரு வருது. பின்பொட்டி பூராவும் பச்சைத் தேயிலை மூட்டை, அதுக்கு மேல இலை பறிக்கற பொம்பளைங்க, அவங்களுக்கு நடுவுல எங்கூட்டுக்காரரு. ஒரு பொம்பளை அவருக்குத் தலையில துண்டு கட்டி விட்டிருக்குது, குளுருக்கு. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வர்றாரு. அந்தப் பொம்பளைங்க என்னையப் பாத்துக் கையை நீட்டி நீட்டி என்னமோ சொல்லிச் சிரிக்குதுங்க. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. பயந்த சிரிப்பு தம்பி, நிறுத்த முடியல. வயித்தைப் புடிச்சுக்கிட்டு ரோட்டுல உக்காந்துட்டேன்.

அவரு சிரிக்கல. கைப்புடிக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு, ஒரு காலால ஏறி, "சரி, எடு"ன்னுட்டுத் திரையை மூடிக்கிட்டாரு.

நான் வாயே தெறக்கல அப்பறம். எப்படித் தெறக்கறது? பேசிப் பேசித்தானே மனுசனைத் தொலைச்சேன்? அசாம் பூராவும் பேச்சு மூச்சு இல்லாம ஓட்டினேன். ஆத்துப் பாலம் வந்துச்சு, கடல் மாதிரி ஆறு, ஒரு வார்த்தை சொல்லல. அன்னையில இருந்து அவரும் தூங்கறதில்லை. பின்னால பொரண்டு பொரண்டு படுக்கறது கேக்குது. தூங்குங்கன்னா, வரலைங்கறாரு. நான் பேசாம இருந்தா அவருக்கு நிம்மதியாத்தானே இருக்கோணும்? இருந்தும் தூங்கறதில்லை. தூங்காத மனுசனுக்குக் காலு வலிக்காம என்ன செய்யும்?

தலகாணிகிட்ட என்ன சொன்னேங்கறீங்களா? அதை எதுக்குங்க கேக்கறீங்க. அதெல்லாம் ஒரு தடவைதான் வரும். ரெண்டாந்தடவை சொல்ல வராது.

ஊட்டைப் பத்தித்தான்.

அந்த ஊடு அவரு ஆசை ஆசையாக் கட்டினது. மேல ஒரு அறை, காத்து வர்றதுக்குன்னு. ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு சுவரு எழுப்பிட்டு வருவாரு. ஆனா அவரு அங்க இருந்ததில்லை தம்பி. வருவாரு, சோறு தின்னுவாரு, போயிருவாரு. அவருக்கு அது இன்னும் பிரிக்காத பலகாரப் பொட்டலம். நான் அதைத் தின்னு தீத்துட்டேன். எங்க தெருவுல எல்லாமே லாரிக்காரங்க ஊடு. போன் அடிச்சாலும் பயம், அடிக்காட்டியும் பயம். பக்கத்தூட்டுக்கு ஒரு நாளு அப்படி ஒரு போன் வந்துச்சு. அடுத்த சந்துல ஒரு ஊட்டுக்கு வந்துச்சு. ரோட்டுல லாரி சத்தம் கேட்டா அடுப்பைத் தணிச்சுட்டு நின்னு கேப்பேன், நம்ம வண்டியா, வேற வண்டியான்னு. புள்ளை பொறந்தப்ப, புள்ளைக்கு அம்மை போட்டப்ப, மாமியா செத்தப்ப, எப்பவும் அந்த ஜன்னல்லதான் நின்னிருக்கறேன். அந்த ஊட்டுல நான் குடியிருக்கலீங்க, காத்திருந்தேன். இப்ப அவரு வந்து பக்கத்துலயே உக்காந்துக்கறேங்கறாரு. உக்காந்தாலும் என் காது ரோட்டுலதான் இருக்கும். அவரு பக்கத்துல இருக்கும்போதே அவரு வர்றாரான்னு பாத்துக்கிட்டிருப்பேன். அதுக்கு என்ன பேரு சொல்றதுன்னு எனக்குத் தெரியல. வண்டி ஓடும்போது மட்டும் அது இல்லை. பின்னால மூச்சு விடற சத்தம் கேட்டாப் போதும், எனக்கு அதான் ஊடு.

இதைத்தான் சொன்னேன். நல்லா, நிறுத்தி, அழகாச் சொன்னேன். தலகாணி கேட்டுக்கிச்சு.

அதனாலதான் கேக்கறேன், எடம் இல்லீன்னு சொல்லிருங்க. மேல போற வரைக்கும் கூட வந்தார்னா, எங்கயாச்சும் ஒரு எடத்துல மறுபடியும் வாயில வந்துரும் எனக்கு. இங்கயே எறங்கிப் போயிட்டாருன்னா...

அது என்ன சத்தம்? விசிலு ஊதறானா? தெறந்துட்டானுங்களா அதுக்குள்ள?

ஓ, சின்ன வண்டிகளை மொதல்ல விடறான். உங்க ஜீப்புங்களா அது? உங்க டிரைவரு எறக்கிட்டு வர்றாரு. இங்க நிறுத்த எடமில்லை பாருங்க, பள்ளம். அந்த வளைவுக்குக் கீழ போயி நிறுத்தச் சொல்லுங்க, அங்க அகலமா இருக்கும். ஆமா, அங்கதான்.

இந்தா, அவரும் வந்துட்டாரு. என்னங்க? ஆமா, தம்பிகிட்டத்தான் பேசிக்கிட்டிருந்தேன். ஊர் நாயம். இல்லைங்க, உங்களைப் பத்தி நான் எதுக்குப் பேசறேன்?

எங்க போறாரு? கம்பியை எடுக்கறாரு. நேத்து இங்க வந்து நிறுத்தினது நானு, நான்தான் தட்டோணும். இவரு எதுக்கு...

சித்த இருங்க தம்பி. கேட்டுக்கறேன்.

டங். முன்னால வலது பக்கம். அது நல்லாத்தான் இருக்கும், புது டயரு. டங். ரெண்டு. டங். மூணு. பின்னால போறாரு. நாலு. அஞ்சு. உள்பக்கத்து டயருக்குக் குனியோணும், கையை விட்டுத் தட்டோணும். ஆறு. ஏழு.

ஏழு.

என்ன, சத்தத்தையே காணோம்? முடிச்சுட்டாரா? இல்லையே, இன்னும் மூணு இருக்குதே.

கம்பியை மண்ணுல ஊனறாரு. கேக்குதுங்களா? வண்டியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. பலகையில கை உரசுது. மூச்சு வாங்குது.

இது மேடு இல்லீங்களே தம்பி. வண்டி நிக்கற எடம் சமமாத்தானே இருக்குது?

எட்டு. அதுக்கு எத்தனை நேரம் பாருங்க. இத்தனை நாளு இதே சத்தத்தைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தேன். டங்கா பொத்தான்னு கேட்டேன். நடுவுல இருக்கறதைக் கேக்கல.

ஒம்பது.

பத்து.

வர்றாரு. நீங்க ஒன்னும் பேசாதீங்க. நான் சொன்ன பொய்யி வேண்டாம். எடம் இருக்குதுன்னே சொல்லுங்க.

...சரிங்க. கேட்டுச்சு. பத்தும் பத்திரம். நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். நானா? லோடு எறக்கிட்டு வர்றேனுங்க. ஊட்டுக்கா? மொதல்ல எறக்கறேன் மாமா. பையை வெய்யுங்க, தங்கராசு தூக்கிட்டு வருவான். டேய் தங்கராசு, காதுல இருக்கற ஒயரைக் கழட்டுடா, மாமா பையை ஜீப்புக்குக் கொண்டு போ. நீங்க மெதுவா நடங்க. அந்தக் கம்பியை ஊனிக்கிட்டே போங்க. எனக்கு வேற கம்பி இருக்குது.

தம்பி, ஒரு நிமிசம். இங்க வாங்க. அவருக்குக் கேக்க வேண்டாம்.

முன் சீட்டுல உக்கார வெக்காதீங்க. ரோட்டைப் பாத்தா அவரு காலு சும்மா இருக்காது, இல்லாத கிளச்சை மிதிச்சுக்கிட்டே வரும். பின் சீட்டுல நீட்டிப் படுக்க வையுங்க. கம்பளி பையில இருக்குது. அப்பறம், நீங்க பேசிக்கிட்டே போகோணும். டிரைவருகிட்டயோ போன்லயோ, யாருகிட்டயாச்சும். சத்தம் நின்னா முழிச்சுக்குவாரு. பேச்சு இருந்தாத்தான் தூங்குவாரு. எனக்கே இப்பத்தான்... சரி, அதை விடுங்க. அவரு தூங்கோணும். நெறையா நாளாச்சு அவரு தூங்கி.

என்ன பேசறதுங்கறீங்களா? உங்களுக்குத் தோணறதைப் பேசுங்க. சக்கரை போடாத டீயைப் பத்திப் பேசுங்க. ஒன்னும் தோணலீன்னா, நான் சொன்னேன் பாருங்க, அதையே சொல்லுங்க. ஒரு ஊர்ல ஒரு புருசனும் பெண்டாட்டியும், ரெண்டு பேருக்கும் ஒரே கட்டிலுன்னு ஆரம்பிச்சு, காடு, ஆனை, டிராக்டரு எல்லாம் சொல்லுங்க. அந்த ஊட்டைப் பத்திச் சொன்ன எடம் வர்றப்ப மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. அவரு தூங்கிக்கிட்டுத்தான் இருப்பாரு. தூங்காட்டியும் பரவால்ல.

போங்க, அவரு பாதி தூரம் போயிட்டாரு. கை புடிக்காதீங்க, கோவிச்சுக்குவாரு. பக்கத்துல மட்டும் நடங்க. டம்ளரை எடுத்துக்கிட்டே போறீங்களே! பரவால்ல, வெச்சுக்குங்க. வழியில அவருக்குத் தண்ணி குடிக்க ஆகும்.

தம்பி! இங்க இருந்தே ஆரம்பிச்சுருங்க. சத்தமாச் சொல்லுங்க. அந்த வளைவு திரும்பற வரைக்கும் எனக்கும் கேக்கும்.